தூங்குமூஞ்சி எங்கள் வீட்டில் தூங்கிய இரவு

என் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளை மேனேஜர் என்றுதான் கூப்பிடுவோம். எதற்கும் ஒரு பட்டியல் போடுவாள். போட்டுவிட்டால் அது நடந்தே ஆகவேண்டும். அந்த வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். சனிக்கிழமை இரவு தோழிகள் நான்கு பேர் வந்து நம் வீட்டில் தங்கப் போகிறார்கள், நூடுல்ஸ், அவித்த முட்டை, ஒரு படம், பிறகு தலையணைச் சண்டை. கீழே நான்கு பெயர்கள்.

நான்காவது பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. எட்டு மாதமாக எனக்கு எதுவுமே அப்படி ஆவதில்லை. பசிக்கிறதா என்று யாராவது கேட்டால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறேன்.

நான்காவது பெயர் தூங்குமூஞ்சியுடையது. என் வேனில் வந்த பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அது. ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் தலை சாய்ந்துவிடும். அப்போது நான் பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினான்கு பிள்ளைகள், என் மகளும் அதில் ஒருத்தி. பிள்ளைகளின் தலையை எண்ண முடியாது. ஒன்று இறங்கும், மறந்த பாட்டிலை எடுக்கத் திரும்ப ஏறும், இன்னொன்று என் காலுக்கு நடுவே நுழைந்து ஓடும். அதனால் பைகளை எல்லாம் முன்னால் குவித்து வைத்து, இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். பை தீர்ந்தால் பிள்ளைகளும் தீர்ந்தார்கள் என்பது என் கணக்கு. ஆறு வருடம் அது தப்பவில்லை.

தூங்குமூஞ்சியின் பையை மட்டும் என் மகள் வாங்கிக்கொள்வாள். இரண்டு தோளில் இரண்டு பை. தூங்குமூஞ்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்குவாள். ஒரு திங்கட்கிழமை அவள் இறங்கவில்லை. பை தீர்ந்துவிட்டது, நான் கதவைச் சாத்திப் பூட்டி, வேனை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். ஐம்பது நிமிடம் கழித்து வண்டி நிறுத்தத்துக் காவலாளிதான் கண்ணாடி வழியாகப் பார்த்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

விசாரணையில் ஒரு கேள்வி கேட்டார்கள். பிள்ளை வேனுக்குள் இருக்கும்போது பை மட்டும் எப்படி வகுப்புக்குப் போனது? நானே கொண்டுபோய் வகுப்பு வாசலில் வைத்தேன் என்றேன். பையைத் தூக்கத் தெரிந்தவனுக்குப் பிள்ளையைத் தூக்கத் தெரியவில்லையா என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கத்தினார். நியாயமான கேள்வி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலை போயிற்று, உரிமம் போயிற்று. இப்போது ஒரு பட்டறையில் டயர் மாட்டுகிறேன்.

உண்மையை என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவளுக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. என் மகளுக்கு, தான் தூக்கிய பையால்தான் என் கணக்கு சரியாக வந்தது என்பது தெரியவே கூடாது. அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்த வேலை. அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

"தூங்குமூஞ்சியோட அம்மா அனுப்புவாங்களா?" என்று ஃப்ரிட்ஜ் தாளைப் பார்த்துக் கேட்டாள் என் மனைவி.

"அனுப்ப மாட்டாங்க."

"ஒருவேளை அனுப்பினா?"

"அனுப்ப மாட்டாங்க."

"சுவத்துகிட்ட பேசினாக்கூட எதிரொலியாவது வரும்" என்று சொல்லிவிட்டு முட்டை வாங்கக் கிளம்பினாள்.

சனிக்கிழமை மாலைக்குள் நான்கு இரண்டானது. ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குத் திடீரென்று மாமா வீட்டில் விசேஷம். என் பேர் கேட்டால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது வழக்கம்தான். முதலில் வந்தவளை வாயாடி என்று சொன்னால் போதும். அவர்கள் இந்த ஊருக்கு வந்தே மூன்று மாதம்தான் ஆகிறது, என் புகழ் இன்னும் அவர்கள் வீட்டை எட்டவில்லை.

ஆறு மணிக்குத் தூங்குமூஞ்சி வந்தாள், கையில் ஒரு தலையணையோடு. பின்னால் அவள் அம்மா. மருந்துக்கடை வைத்திருப்பவர், கடையிலிருந்து நேராக வந்திருந்தார், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மூணு நாளா சாப்பிடாம அடம் பிடிச்சா. அதான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் என் மனைவியிடம். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "உங்களை நம்பி அனுப்பறேன். உங்களை மட்டும்தான்" என்று அவளிடமே சொன்னார்.

"கவலையே படாதீங்க. நான் ராத்திரி பூரா முழிச்சுப் பார்த்துக்கறேன்" என்றாள் என் மனைவி. பத்து மணிக்கெல்லாம் குறட்டை விடுகிறவள் அவள்.

"காலையில ஆறரைக்கு வந்துடுவேன்."

நான் சரிங்க என்றேன். அது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. லிஃப்ட் கதவு மூடும்வரை மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். செருப்பு வைக்கும் பலகை கோணலாக இருந்தது, அதை நேராக்கினேன்.

சாப்பிடும்போது வாயாடி ஆரம்பித்தாள்.

"அங்கிள், நீங்க முன்னாடி வேன் ஓட்டினீங்களாமே? ஏன் விட்டுட்டீங்க?"

தூங்குமூஞ்சி நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். என் மகளின் கை மட்டும் நின்றுவிட்டது.

"வேன்ல எனக்கு டயர் மட்டும்தான் பிடிச்சுது. அதான் அந்தப் பக்கம் போயிட்டேன்."

வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள். என் மகள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் தண்ணீர் எடுக்க எழுந்துவிட்டேன். அவள் அப்படிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்காவது ஒரு வேலை வந்துவிடும்.

அதற்குப் பிறகு நான் அவர்களைத் தனியாக விடவில்லை. மூன்று பேரும் பேசப் பேச, பேச்சு எப்படியும் வேன் பக்கம் போய்விடும் என்று பயம். பயம் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கால் மட்டும் தானாக அந்த அறைக்குப் போனது. தண்ணீர் வேண்டுமா என்று ஒரு தடவை. போர்வை போதுமா என்று ஒரு தடவை. ஜன்னல் தாழ்ப்பாளைப் பார்க்க இரண்டு தடவை.

"கல்யாண வீட்டுல சமையல்காரர்கூட இத்தனை தடவை எட்டிப் பார்க்க மாட்டார். பேசாம வந்து படுங்க" என்றாள் என் மனைவி. நான் கூடத்தில், அறைக் கதவு தெரிகிற மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் போய்ப் படுத்தாள். குறட்டை சொன்ன நேரத்துக்கு வந்தது.

உள்ளே சத்தம் அடங்கியதும் மறுபடி எட்டிப் பார்த்தேன். தூங்குமூஞ்சி பேருக்கேற்ற மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். வாயாடி தூக்கத்திலும் ஏதோ முணுமுணுத்தாள். என் மகள் மட்டும் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கலையா?"

"இவ முழிக்கறப்போ பக்கத்துல யாராவது இருக்கணும்ப்பா."

"நான் இருக்கேன்ல. நீ படு."

"நீங்க வெளியில இருக்கீங்க."

ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று நான் கேட்டிருக்கலாம். கதவை ஒருக்களித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

காலையில் ஆறே காலுக்கே மணி அடித்தது. கதவைத் திறந்தேன். தூங்குமூஞ்சியின் அம்மாவும் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. என் மனைவி முகம் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நல்லா தூங்கினா. உள்ள வாங்க, பால் காய்ச்சறேன்."

அவர் உள்ளே வந்து, உட்காராமல் நின்றார். அறைக்குள்ளிருந்து என் மகள் வந்தாள். நேற்றுப் போட்ட உடை கசங்காமல் அப்படியே இருந்தது. நேராக அவர் முன்னால் போய், பள்ளியில் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, உங்ககிட்ட சொல்றதுக்குத்தான் இவளைக் கூப்பிட்டேன். அன்னைக்கு இவ பையை எடுத்துட்டுப் போனது நான்தான். அப்பா இல்ல."

"சின்னப் பொண்ணுங்க. ஏதோ கனவு கண்டுட்டு உளர்றா" என்றேன். பொய் எனக்கு நாக்கு நுனியிலேயே தயாராக இருந்தது. "நான்தான் எடுத்துட்டுப் போனேன். அன்னைக்கே சொல்லிட்டேனே."

"அப்பா பொய் சொல்றாங்க. நான்தான் தினமும் எடுப்பேன்."

என் மனைவி பால் பாத்திரத்தோடு நின்றுவிட்டாள். மருந்துக்கடைக்காரர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். நான் என் மகளின் கையைப் பிடித்து உள்ளே இழுக்கப் பார்த்தேன். அவள் வரவில்லை.

"டீச்சர் பேர் கூப்பிட்டப்போ இவ இல்ல" என்றாள். "பை இருக்கே, ஆள் எங்கன்னு டீச்சர் கேட்டாங்க. இவளைத் திட்டுவாங்கன்னு நான் பாத்ரூம் போயிருக்கான்னு சொன்னேன். வந்துடுவான்னுதான் நினைச்சேன். வரவே இல்ல. அப்புறம் சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு."

எனக்கு இது தெரியாது. விசாரணையில் டீச்சரும் சொல்லவில்லை. பையைப் பார்த்தேன், வந்ததாகக் குறித்துக்கொண்டேன் என்றுதான் சொன்னார். ஒருவேளை அவரும் என்னைப் போலவே ஒரு பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ. நான் சின்ன விஷயத்தைப் பூட்டி வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். பெரியது எட்டு மாதமாக அவளிடம் தனியாக இருந்திருக்கிறது. இதே வீட்டில், அடுத்த அறையில்.

மருந்துக்கடைக்காரர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி என் மகளைப் பார்த்து, "தினமும் நீதான் தூக்குவியா?" என்று கேட்டார்.

"ம். அவளுக்குத் தூக்கமா இருக்கும்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ சொல்லவில்லை. "போய் அவளை எழுப்பு" என்றார். "எழுந்து உட்கார்ந்துட்டாளான்னு பார்த்துட்டு வா."

என் மகள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். நான் அறை வாசலில் அவளை நிறுத்தினேன். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அது நேற்று ஒரு நாளில் வந்த கருப்பு இல்லை.

"ஏன்டா கண்ணு, அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. கடையில் முட்டை இல்லை என்று வந்து சொல்கிற மாதிரிதான் சொன்னாள். எனக்கு எங்கேயோ வலித்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக நன்றாக வலித்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு எந்த வேலையும் வரவில்லை. நான் அவள் உயரத்துக்குத் தரையில் உட்கார்ந்தேன்.

"இப்ப கேக்கறேன். சொல்லு."

அவள் ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தாள். தூங்குமூஞ்சி எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தத் திங்கட்கிழமை காலையில் ஒற்றைச் சாக்ஸைக் காணாமல் தேடியதிலிருந்து ஆரம்பித்தாள்.