முற்றத்தில் பட்ட மீன்

மரியநேசன் முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி, அழகுக்காகக் கோய் மீன்கள் வளர்த்தான். கொக்கு கொத்திவிடுமென்று, தொட்டியின் மேல் தன் மீன்வலைகளில் ஒன்றையே விரித்துக் கட்டினான்.

காலையில் கடலிலிருந்து வெறுங்கையோடு வந்தவனை மனைவி யூலிற்றா வாசலில் மறித்தாள்.

“ஏதும் பட்டதே?”

“ஒண்டும் படேல்லை.”

“இஞ்சை ஒண்டு பட்டிருக்கு, வந்து பாருங்கோ.”

வலை தொய்ந்து தண்ணீரில் கிடந்தது. சிவப்புக் கோய் அதில் செவுள் மாட்டித் துடித்தது. வலை விரிப்பதில் முல்லைத்தீவில் அவனை மிஞ்ச ஆளில்லை, வினையே அதுதான். ஆயுள் முழுக்க வலையிலிருந்து மீன் கழற்றியவன் இன்று வலைக்கே கத்தி வைத்தான். கண்ணிகளை அறுத்து மெல்ல விட்டான். அது வாலை அடித்துக்கொண்டு ஓடியது.

“தப்பியிட்டுதே?”

“ஓம், மாதா காப்பாத்தினவ.”

“அப்ப இண்டைக்கும் சோத்துக்குச் சம்பல்தான்” என்றபடி யூலிற்றா குசினிக்குப் போனாள்.