மாடிக்குப் போகும் வயர்

வானம் ஒரு தடவை உறுமினால் போதும், கமலவேணியின் கை தானாக மேசைக்கடியில் போய்விடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். அவள் ஊரான பெம்பானில் இடி இடிக்கும்போது பிளக் பிடுங்காத வீடு ஏது? இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே மின்னலில் அவள் வீட்டு டிவி கருகி வீடெல்லாம் புகை. வீட்டில் என்ன பழக்கமோ அதுவேதான் மலாக்கா டவுனில் அவள் வேலை பார்த்த இன்சூரன்ஸ் ஆபீசிலும். கீழே அவள் ஒருத்திதான், மற்ற ஆறு பேரும் மாடியில். அவள் பிடுங்குவதையும் சொருகுவதையும் பார்க்க அங்கே ஆளில்லை.

தொண்ணூற்றேழில் மொத்த ஆபீசுக்கும் ஒரே பிரிண்டர் வாங்கி, அவள் கம்ப்யூட்டரில் மாட்டி, படிக்கட்டுச் சுவரோரமாக மாடிக்கு வயர் இழுத்தார்கள். இழுத்தவன் யூஜின். ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, பதினொரு வருஷமாக அவள் காத்துக் கிடந்த சூப்பர்வைசர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவன். சரி, அதைக்கூட விட்டுத் தொலைக்கலாம். இருபத்தாறு வயசுப் பையன், அக்கா என்றுகூடச் சொல்லாமல், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி "கமலா" என்று கூப்பிடுவான். அந்தக் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வயர் போட்ட மூன்றாம் வாரமே ரகளை ஆரம்பித்தது. காலையில் நன்றாக ஓடுகிற பிரிண்டர் மத்தியானத்தில் படுத்துக்கொள்ளும். மாடியிலிருந்து அனுப்புகிற எதுவும் வராது. யூஜின் மேலே ஒவ்வொரு மேசையாகக் குடைந்து, வயரை மாற்றி, எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டு, வியர்த்து வழிந்து கீழே இறங்குவதற்குள் இடி ஓய்ந்திருக்கும். கமலவேணி கம்ப்யூட்டர் பிளக்கைச் சொருகி வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். பிரிண்டரும் யோக்கியன் மாதிரி தாளைத் தள்ளும். மாசக் கடைசிக்குள் இது சரியாகாவிட்டால் சூப்பர்வைசர் வேலையை மறந்துவிடு என்று மேனேஜர் அவனிடம் சொல்லியிருந்தார்.

ஒரு புதன்கிழமை அவன் அவள் மேசைக்கடியில் தவழ்ந்தபடி எரிந்து விழுந்தான்.

"மேலேருந்து வர்றது எல்லாம் உங்க மிஷின் வழியாத்தான் பிரிண்டருக்குப் போவுது. இது ஆன்லதான் இருக்கு. அப்புறம் எங்கதான் லா மாட்டுது?"

கமலவேணிக்குச் சுரீர் என்றது. அட கடவுளே, நானா? சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன், "கமலா, தள்ளுங்க, மறைக்குது" என்றான். திறந்த வாய் மூடிக்கொண்டது. தவிக்கட்டும். மறுநாள் இடி இடித்தபோது தெரிந்தேதான் பிடுங்கினாள். மாடியில் அவன் தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்க நெஞ்சு குளுகுளுவென்று இருந்தது. மாசம் முடிய இன்னும் இரண்டு வாரம்தான்.

ஆனால் யூஜின் வேறு கணக்குப் போட்டான். மழை வந்தால் படியெல்லாம் சேற்றுக்கால். உடனே கிளீனர் பெரியநாயகி மோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவள் படியைத் துடைக்கிற நேரமும் பிரிண்டர் நிற்கிற நேரமும் ஒன்றாக இருப்பதைக் கவனித்துவிட்டான். மோப்புதான் வயரை இடிக்கிறது என்று மேனேஜரிடம் எழுதியும் கொடுத்துவிட்டான். அடுத்த வார வெள்ளிக்கிழமை மத்தியானம் மேனேஜர் கீழே வந்து, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று மலாயில் பெரியநாயகியிடம் சொன்னார்.

பெரியநாயகிக்கு ஐம்பத்தைந்து வயசு. செர்காமிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வாரம் தவறாமல் கமலவேணிக்கு நெத்திலிக் கருவாடு கட்டிக்கொண்டு வருவாள். அவள் மேனேஜரை விட்டுவிட்டு நேராகக் கமலவேணியின் மேசைக்கு வந்தாள்.

"நான் அந்த வயரத் தொட்டதே இல்ல, தங்கச்சி. நீ இங்கயேதானே ஒக்காந்திருக்க. நீ சொல்லு."

கமலவேணி திரையைப் பார்த்தாள். சொன்னால் தனக்கு எச்சரிக்கைக் கடிதம் நிச்சயம். அந்தப் பயல் தப்பித்துக்கொள்வான். நாற்காலி இந்த ஜென்மத்துக்கு இல்லை. பக்கத்தில் பிரிண்டர் மாடிக்காரர்களின் தாளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. படியில் நின்ற யூஜின், மோப்பு இல்லாதபோது எவ்வளவு நன்றாக ஓடுகிறது பாருங்கள் என்று மேனேஜருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். வெளியே வெயில் கொளுத்தியது. பெரியநாயகி நகராமல் நின்றாள்.

கமலவேணி குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

தாள் வருவது நின்றது. மாடியிலிருந்து யாரோ யூஜினைக் கூப்பிட்டார்கள்.

"மோப்பு இல்ல," என்றாள். "இடி இடிச்சா நான்தான் பிடுங்குவேன்."

யூஜின் இரண்டு படி இறங்கினான். இதனால்தான் நிற்கிறது என்று அவளுக்கு எப்போது தெரியும் என்று கேட்டான். போன வாரம் புதன்கிழமையிலிருந்து என்று மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போதே அது எத்தனை நாள் என்று அவளுக்கே உறைத்தது. மேனேஜர், கமலவேணியை மூன்று மணிக்குத் தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டு, பெரியநாயகியிடம் திங்கட்கிழமை வழக்கம்போல வா என்று சொல்லி மேலே ஏறினார். யூஜின் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"ரொம்ப தேங்க்ஸ், கமலா."

அவன் போன பிறகு கமலவேணி பெரியநாயகியை நிமிர்ந்து பார்த்தாள். அழுவாள், இல்லை கையையாவது பிடிப்பாள் என்று நினைத்தாள். பெரியநாயகியோ வாளியை இழுத்து வந்து, மோப்பை முக்கிப் பிழிந்து, காய்ந்து கிடந்த தரையைத் துடைத்துக்கொண்டே மேசையடிக்கு வந்தாள்.

"கால தூக்குங்க, மேடம்."

பிளக்கைக் கையில் பிடித்தபடி கமலவேணி இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். ஈர மோப்பு நாற்காலியைச் சுற்றி ஒரு முறை போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது.