ஒரு நாற்காலிக்கு மட்டும்

கனத்த சத்தத்துக்கென்றே செய்த சப்வூஃபர் பெட்டியை வாங்க வருகிறவர்களில் இரண்டு ரகம்தான் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனின் தூக்கத்தைக் கெடுக்க வாங்குகிறவர்கள் ஒரு ரகம். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிவிட்டானே என்று வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். கடை வைத்த நாளிலிருந்து என்னுடைய இந்தக் கணக்கு தப்பியதே இல்லை. அந்த அச்சகக்காரர் வந்த அன்றுதான் தப்பியது.

கடைக்குள் வந்ததும் எல்லா ஆண்களையும் போல அவரும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஆள் இல்லீங்களா?"

"நான்தான் ஆள்," என்றேன். இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. பெட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் நான்தான், வீட்டுக்குப் போய்ப் பொருத்திக் கொடுப்பதும் நான்தான். என் வீட்டுக்காரருக்கு ரிமோட்டில் பேட்டரி மாற்றக்கூட வராது.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாழ்நாள் முழுக்க அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்குக் காது போய்விட்டதாம். முழுக்கப் போகவில்லை. மெல்லிய சத்தங்கள் எல்லாம் போய்விட்டன, கனத்த சத்தங்கள் மட்டும் மிச்சம்.

"லாரி போனா கேக்கும். இடி இடிச்சா கேக்கும். பொம்பளைங்க பேசுனா மட்டும் உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சிக்குவேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

பேஸ் என்கிற கனத்த சத்தம் மட்டும் கேட்கிற காது. என் தொழிலுக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் தவமிருந்தாலும் கிடைக்கமாட்டார். உற்சாகமாக ஆரம்பித்தேன். பாட்டு அதிகம் கேட்பீர்களா, படம் அதிகம் பார்ப்பீர்களா? பாட்டுக்கென்றால் எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டி நல்லது. மேளத்தில் அடி விழுந்தால் அந்த அடியோடு நிற்கும், வழவழவென்று இழுக்காது. படத்துக்கென்றால் ஓட்டை வைத்த பெட்டி. அது இன்னும் கீழே இறங்கும், வெடிச்சத்தம் வந்தால் காலடியில் தரை நகர்கிற மாதிரி இருக்கும்.

"படம்தான். ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம்," என்றார். "ஆனா கூடம் பூரா வேணாம்மா. ஒரு நாற்காலிக்கு வந்தாப் போதும்."

"நீங்க உக்கார்ற நாற்காலிக்கா?"

"இல்ல. என் சம்சாரத்தோடது."

அவரிடம் இருந்த பழைய பெட்டி கருகிவிட்டது. மச்சானிடம் ஒன்றை இரவல் வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். கூடமெல்லாம் அதிர்கிறது, அந்த ஒரு நாற்காலியில் மட்டும் எதுவுமே இல்லை. பழையது இருந்த இடத்தில் வைக்கலாமென்றால் அங்கே சுவரில் ஈரம் ஏறிக் கிடக்கிறது. "அங்க மட்டும் சத்தம் செத்துப்போயிருக்கும்மா. அது வராம அவளுக்கு நல்லாவே இல்ல," என்றார். முகத்தில் அப்படி ஒரு கவலை.

பெட்டியைத் தூக்கி வெளியே போடச் சொல்லும் மனைவிகளை எனக்குத் தெரியும். மனைவிக்கு பேஸ் வரவில்லையே என்று உருகுகிற கணவரை அன்றுதான் பார்த்தேன். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அவர் சொன்னதில் மாயம் எதுவும் இல்லை. கனத்த சத்தத்தின் அலை நீளமானது, சுவரில் மோதித் திரும்பி வரும். போவதும் வருவதும் ஏதாவது ஓர் இடத்தில் சந்தித்து ஒன்றையொன்று விழுங்கிவிடும். அந்த இடத்தில் உட்கார்ந்தவருக்கு எதுவும் கேட்காது. பெட்டியின் இடத்தை மாற்றினால் சரியாகிவிடும். ஓட்டை வைத்த பெட்டியிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு மறுநாள் பிற்பகல் அவர் வீட்டுக்குப் போனேன்.

சுத்தமான கூடம். தேவைக்கு மேல் சுத்தம். நடுவில் கைப்பிடி வைத்த ஒரு மெத்தை நாற்காலி, அதன் மெத்தையில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம். கைப்பிடியில் ஒரு மூக்குக்கண்ணாடி மடித்து வைத்திருந்தது. சன்னல் திறந்திருந்தும் காற்று அசையவில்லை.

"அம்மா உள்ள இருக்காங்களா?" என்று கேட்டேன். அவர் அப்போது திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டிருந்தார். என் உதட்டைப் பார்க்கவில்லை, அதனால் பதிலும் இல்லை.

பெட்டிக்கு இடம் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கேட்கிறவர் உட்காரும் நாற்காலியில் பெட்டியையே தூக்கி உட்காரவைக்க வேண்டும். ஒரே ஒரு கனத்த சுருதியை நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். பிறகு நாம் குழந்தை மாதிரி சுவரோரமாகத் தவழ்ந்துபோக வேண்டும். எங்கே சத்தம் நிறைவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், நாற்காலிக்கு அதே நிறைவு போய்ச் சேரும். போகிற வழிதான் வருகிற வழியும். சத்தத்துக்கு எது வாய், எது காது என்ற பேதம் கிடையாது.

அவருக்குப் புரியும்படி மெதுவாக இதைச் சொன்னேன். என் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "அப்ப, நாற்காலி பேசுனா மூலைல கேக்குமா?"

"நல்லாவே கேக்கும் சார்," என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லி அடுக்களைக்குப் போனார்.

பெட்டியை நாற்காலியில் ஏற்றினேன். மெத்தைப் பள்ளத்தில் அது கச்சிதமாகப் பொருந்தியது. செல்போனிலிருந்து சுருதியை ஓடவிட்டுத் தவழ ஆரம்பித்தேன். டிவிக்கு அடியில் சத்தம் சோகை பிடித்திருந்தது. கதவோரம் வெறும் கொடகொடப்பு. சன்னலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. எதிர் மூலைக்கு வந்ததும் சத்தம் திரண்டு நின்றது. தரையிலிருந்து உள்ளங்கை வழியாக ஏறி விலா எலும்புக்குள் வந்து நிறைந்தது. இதுதான் இடம் என்று நினைத்தேன். அப்போது அந்தச் சத்தத்துக்கு உள்ளே யாரோ பேசினார்கள்.

"நெஞ்ச என்னமோ பண்ணுதுங்க."

வீட்டம்மா வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் யாரும் இல்லை. நாற்காலியில் பெட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது.

சப்வூஃபரால் பேச முடியாது. இது எனக்குச் சோறு போடுகிற அறிவு. பேச்சுக்கு வேண்டிய மெல்லிய சத்தம் எதையும் அதன் காகிதக் கூம்பால் எழுப்ப முடியாது. செல்போனில் ஓடிக்கொண்டிருந்ததும் வெறும் சுருதிதான். அதை நிறுத்தினேன். அமைதி. திரும்ப ஓடவிட்டேன். அதே மூலை, அதே குரல். இழுத்து இழுத்துக் கனத்துப்போன ஒரு பெண்குரல். இந்த முறை அது எப்படிச் சொல்கிறது என்பதும் கேட்டது. 'நெஞ்ச' என்ற சொல்லுக்கும் 'என்னமோ' என்ற சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மூலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் இரண்டு டம்ளர்களோடு வந்தார். நான் மூலையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அந்த எடமா? அங்கதாம்மா நான் உக்காந்து படம் பாப்பேன், சுவத்துல சாஞ்சிட்டு. அவளுக்கு அந்த நாற்காலி." டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவரே சொன்னார்.

"அன்னைக்கும் அப்படித்தான். படத்துல புயல் அடிக்குது, பெட்டி சும்மா அதிருது. அவ என் பக்கம் திரும்பி, நெஞ்சுல கைய வச்சி, 'நெஞ்ச என்னமோ பண்ணுதுங்க'ன்னா. எனக்குன்னா அவ்வளவு சந்தோஷம். அவளுக்கு இந்தச் சத்தமே புடிக்காதுன்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் ஏத்தி வச்சேன். கண்ண மூடிக்கிட்டா. ரசிக்கிறாளேன்னு படம் முடியற வரைக்கும் நான் தொந்தரவே பண்ணல."

டீயை ஒரு வாய் குடித்தார். "அதோட சரி. தூக்கத்துலயே போயிட்டாங்கன்னாங்க. குடுத்து வச்சவ. அதுலருந்து தெனம் அந்தப் படத்த அவளுக்காகப் போடுறேன். அவளுக்குப் புடிச்ச ஒண்ணு, அத நிறுத்தக் கூடாதில்ல?"

பெட்டி வாங்கியவர்கள் என்னைக் கூப்பிட்டுச் சொல்லும் பெரிய பாராட்டே அந்த வார்த்தைதான். நெஞ்சை என்னமோ பண்ணுது என்பார்கள், எனக்குத் தலைகால் புரியாது. ஆனால் உடம்புக்கு முடியாமல் போகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். குரலில்தான் வித்தியாசம். அந்த மனுஷருக்குக் குரல் கேட்காது. உதட்டைப் பார்த்தார், பாராட்டு என்று எடுத்துக்கொண்டார், சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த கோபம் நின்றுவிட்டது. மனைவியைக் கடைசியாகச் சந்தோஷப்படுத்தினோம் என்ற ஒரே நினைப்பில்தான் மனுஷர் நடமாடிக்கொண்டிருக்கிறார். அதுவும் போய்விட்டால் அவரிடம் வேறு எதுவும் இல்லை. இந்த மூலையில் கேட்கிற குரலோ கனத்த குரல், அவர் காதுக்கு எட்டக்கூடிய ஒரே குரல்.

டம்ளரைக் கீழே வைத்தார். "நானும் ஒருவாட்டி தவழ்ந்து பாக்குறேன்."

"வேணாம் சார். முட்டி வலிக்கும்."

"மெஷினுக்கு அடில படுத்து எந்திரிச்சவன்மா நான்."

"இந்த மூலை சரியில்ல சார். கதவோரம்தான் நல்லா கேக்குது," என்றேன். என் தொழிலில் நான் பொய் சொல்வதில்லை. அன்று கூசாமல் சொன்னேன். ஆனால் அவர் என் உதட்டைப் பார்க்காமல் அதற்குள் மண்டியிட்டுவிட்டார்.

விறுவிறுவென்று நாற்காலிக்குப் போனேன். பெட்டியின் முதுகில் இருந்த குமிழைப் பூஜ்யம் வரைக்கும் திருப்பினேன். அங்கிருந்து அவருக்கு அது தெரியாது. எதுவும் கேட்காமல் ஏமாந்து எழுந்துவிடுவார், பிறகு வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் சின்னச் சத்தம்கூட இல்லை.

அவர் மூலையில் குனிந்து தரையில் காதை வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். யார் பேசினாலும் உதட்டையே பார்க்கிற மனிதர். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அவ குரலும்மா," என்றார். "எத்தன வருஷமாச்சு இதக் கேட்டு."

அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. புருவம் நெரிந்தது. வாய் திறந்து அப்படியே நின்றது. இன்னொரு முறை கேட்கிறார், அதற்கப்புறமும் ஒரு முறை கேட்கிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் குமிழைப் பிடித்திருந்த என் விரல்களுக்கு அடியில் பெட்டி அதிர்ந்துகொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்.

"சத்தத்தக் கொறைங்கம்மா," என்றார். "அவளுக்கு முடியல."

குமிழில் அதற்குக் கீழே திருப்ப இடம் இல்லை. ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். பச்சை விளக்கு அணைந்தது. "கொறைச்சிட்டேன் சார்," என்றேன். இரண்டு முறை சொன்னேன்.

அவர் என் உதட்டைப் பார்க்கவே இல்லை. எழுந்து நிற்கவும் இல்லை. கையையும் முழங்காலையும் ஊன்றி, அந்த மூலையிலிருந்து நாற்காலியை நோக்கித் தவழ்ந்து வர ஆரம்பித்தார்.

"இன்னும் கொறைங்கம்மா," என்றார். "நான் வந்துட்டிருக்கேன்னு அவளுக்குக் கேக்கணும்."