செக்கர் நிறுத்திய பஸ்

"இந்தப் பஸ்ல யாருமே ஏற மாட்டாங்களாப்பா?"

முதல் நாள் திரையைப் பார்த்து மகள் கேட்ட கேள்வி அது. "பேசாம பாரும்மா" என்று சொல்லிவிட்டு, பஸ் டிரைவரான அப்பா அதை அன்றே மறந்துபோனார்.

இன்று இருபதாவது தடவை. எட்டு வயது மகளுக்கு ஆட்டிசம். மூளையின் மின்னலைகளைத் திரையில் காட்டிப் பழக்கினால் கவனம் நிலைக்கும், மற்ற பிள்ளைகளோடு விளையாடுவது கொஞ்சம் சுலபமாகலாம் என்றுதான் இந்தப் பயிற்சியில் சேர்த்தார்கள். தலையில் பசை தடவி, வயர் கோர்த்த தொப்பியை மாட்டுவார்கள். மனம் அமைதியாகக் குவிந்தால் திரையில் பஸ் ஓடும், கலைந்தால் நிற்கும். அவளுக்கு மட்டும் அது நொண்டியடித்தது. இன்றும் தேறாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

பஸ் மறுபடியும் நின்றது. டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்னம்மா மெஷின் இது? வாரம் ரெண்டு நாள் டிப்போவுல கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கிட்டு வர்றேன். நான் இப்படி ஓட்டினா, ஜனங்க என்னை இறக்கி விட்டுட்டு அவங்களே ஓட்டிட்டுப் போயிடுவாங்க!"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள் டெக்னீஷியன். "பாப்பா பல்லைக் கடிக்கிறா. தாடை இறுகினா சிக்னல் கெட்டு பஸ் நின்னுடும். பதற்றம்னு நினைக்கிறேன்."

"எனக்குத்தான் பதற்றம்! வேலை தெரியலைன்னு ஒத்துக்கிட்டுப் போங்களேன்."

அவள் முகம் வாடியது.

டிரைவர் திரையை முறைத்தார். சாலையோரம் ஒரு நிழற்குடை வந்தது. மகளின் தாடை இறுகியது, பஸ் நின்றது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணினாள். தாடை தளர்ந்ததும் பஸ் நகர்ந்தது. அடுத்த நிழற்குடையிலும் அதே கதை.

விடுமுறை நாட்களில் அப்பாவின் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து ஏறுகிறவர்களை எண்ணுவாள் என்பதால் டிப்போவில் அவளுக்குச் 'செக்கர்' என்று பெயர்.

"ஏய் செக்கர், நீயா நிறுத்துறே?"

"ஸ்டாப் வருதுல்ல? நிக்காமப் போனா கம்ப்ளெயின்ட் வரும். நீதானே சொன்னே?"

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! பத்து வாரமா இவ டியூட்டி பார்த்திருக்கா!"

டெக்னீஷியனுக்குத் தேநீர் இடைவேளை. அவள் எழுந்து போகவில்லை. பஸ்ஸை எடுத்துவிட்டு, வெறும் வானத்தில் பறக்கும் ஒரு பறவையைத் திரையில் வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். பறவை தாழாமல் பறந்தது.

"இடம் போகாது சார். அடுத்த வாரமும் வாங்க."

அவர் கத்தியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடவுள் சிலருக்குப் பொறுமையைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிறார். தலையிலிருந்த பசையை அலசிவிட மகளையும் அவளே கூட்டிக்கொண்டு போனாள். டிரைவர் மன்னிப்புக் கேட்பதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

வெளியே அடுத்த பிள்ளை காத்திருந்தது. மேஜையில் பசை அப்பிய தொப்பி கிடந்தது. அதையும் அவள்தான் வந்து கழுவ வேண்டும். டிரைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அதை எடுத்து அறை மூலையிலிருந்த தொட்டிக்குப் போனார். அவள் செய்வதை ஒவ்வொரு தடவையும் பார்த்தவர்தானே. வெதுவெதுப்பான நீரில், சின்னத் தூரிகையால், வயர் பொருந்திய ஒவ்வொரு குழியாகப் பசையைத் தேய்த்தெடுத்தார். துணியால் ஒற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, நடையில் காலடி கேட்பதற்குள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.