அம்மாவுக்கு ஒரு சுவை

எங்கள் வீட்டில் ஒரு சுவை ஒருவருக்குத்தான். யார் முதலில் நாக்கில் வைத்தார்களோ அவர்களுக்கு அது சொந்தம். மற்றவர்கள் அதே பண்டத்தைச் சாப்பிட்டால் சூடாக இருக்கிறதா, ஆறிப்போய்விட்டதா, மெல்ல வேண்டுமா, விழுங்கிவிடலாமா என்பது மட்டும் தெரியும். உப்பு பெரியப்பாவுடையது. சோறும் ஆட்டுக்கறியும் பலாப்பழமும் இன்னும் பலவும் அப்பாவுடையவை. புளி அத்தையுடையது, கல்யாணமே வேண்டாமென்று சொல்லி அதைக் காப்பாற்றிக்கொண்டவர். சர்க்கரை, பெரியப்பா மகன் பூபதி அண்ணனுடையது. அவர் மஸ்கட்டில் இருக்கிறார். நீரிழிவு வந்ததிலிருந்து இனிப்பைத் தொடுவதில்லை. ஆனாலும் விட்டுத்தர மாட்டார். பூட்டிப் போட்ட வீடு மாதிரி அது அங்கே கிடக்கிறது.

என் அண்ணன் தினகரனுக்கு முதல் சோறு ஊட்டிய அன்று மாம்பழம், நெய், தேங்காய், முருங்கைக்காய் என்று தட்டு நிறைய வைத்து ஒவ்வொன்றாக நாக்கில் தொட்டார்களாம். எனக்கு ஊட்டியபோது தட்டில் சோறு மட்டும் இருந்தது. "எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போறவதானே" என்று பெரியப்பா சொன்னாராம். நான் கைக்குழந்தை. பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே பல்கலைக்கழக விடுதியில் எல்லோரும் என்னைத் துணிச்சல்காரி என்பது தவறு. செவ்வெறும்புச் சட்னி, கணவாயின் மை, பூஞ்சை பிடித்த பாலாடைக்கட்டி, தவளைக்கால் எல்லாவற்றையும் நான் தின்றிருக்கிறேன். துணிச்சல் என்பது வேறு வழி இருக்கிறவர்கள் செய்வது. பேருந்தில் எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தால் படிக்கட்டில் நிற்கிறோம். அதற்குப் பெயர் வீரமா?

எறும்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அத்தை தொலைபேசியில் சண்டைக்கு வந்தார்.

"புளிப்புன்னா அது என்னுதுதான், இலக்கியா. ஒழுங்கா குடுத்துரு."

"அது புளியோட புளிப்புங்க அத்தை. இது எறும்போட புளிப்பு. வேணும்னா ஒரு எறும்பைத் தின்னு பாருங்க."

அத்தை தின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. வழக்கு என் பக்கம் முடிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று பெண் தன் சுவைகளை ஒவ்வொன்றாக ஒரு வெற்றிலையில் நாக்கால் தொட்டு அண்ணன் தம்பி கையில் கொடுத்துவிட்டுத்தான் மணவறையை விட்டு இறங்க வேண்டும். அம்மா கொடுத்துவிட்டு இறங்கினாள். வந்த வீட்டில் எதுவும் மிச்சமில்லை. அன்றிலிருந்து சுவை தெரியாமலே சமைக்கிறாள். குழம்பு கொதிக்கும்போது உப்புக்குப் பெரியப்பாவைக் கூப்பிட வேண்டும், புளிக்கு அத்தையை, தேங்காய்க்குத் தினகரனை. அவர்கள் கரண்டியை நக்கிவிட்டுத் தலையாட்டுவார்கள். அம்மா அடுப்பை அணைப்பாள்.

போன மாசியில் அவள் பேச்சு மங்கத் தொடங்கியது. விளக்கு வைத்த பிறகு அவள் குரல் வருவதில்லை. டாக்டர் டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தார். "நாக்கு மூடிக்கிட்டு வருது. வர்ற ஆடிக்குள்ள ஒரு சுவையாவது ஏறணும். இல்லைன்னா பேச்சு போயிடும்" என்று சொல்லி, அடுத்தவரை உள்ளே அனுப்பச் சொன்னார்.

நான் ஊருக்குப் போய்க் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தேன்.

"அப்பா, பலா வருசத்துக்கு ஒருக்காதான் சாப்பிடறீங்க. அதையாச்சும் அம்மாவுக்குக் குடுங்கப்பா."

"பலா எங்கப்பாரு குடுத்தது கண்ணு. அதெப்படிக் குடுக்கறது?"

"கல்யாணத்தன்னிக்கு அம்மா எல்லாத்தையும் குடுத்தாங்களே. பொம்பளையால குடுக்க முடியும்னா ஆம்பளையாலயும் முடியுந்தானே?"

"அது சம்பிரதாயம். இது சொத்து" என்றார் பெரியப்பா. "சட்டம் படிக்கறவ, இதுகூடத் தெரியலையா?"

என் எறும்பையாவது கொடுக்கிறேன் என்றேன். அதுவும் முடியாதாம். கல்யாணமாகாத பெண்ணின் சுவை, கல்யாணத்தன்று அண்ணனுக்குப் போகவேண்டியது. "எறும்பு எப்படி இருக்கும்?" என்று தினகரன் அக்கறையாகக் கேட்டான். அம்மா எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஆக, ஒரே வழிதான் இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் தொடாத ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். நான் தொடாமல் கொண்டுபோக வேண்டும். ஆனி கடைசியில் என் அறைத்தோழி விகாலி நாகாலாந்திலிருந்து திரும்பினாள். அவள் பெட்டியில் வறுத்த மூங்கில் புழுக்கள் இருந்தன. வெள்ளையாக, விரல் நகத்தளவுக்குச் சுருண்டிருந்தன. அறை முழுக்க மணந்தது.

"ஒன்று எடுத்துக்கொள்" என்றாள்.

"முடியாது. அம்மாவுக்கு."

விகாலி ஒரு டிபன் டப்பாவில் போட்டு, என்னை நம்பாமல் மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டிக் கொடுத்தாள். நியாயம்தான். பேருந்தில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டியபடி வந்தேன். சேலம் தாண்டியபோது எச்சில் ஊறியது. விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த துணிச்சலான காரியம் என்றால் அதுதான். ஒன்றைத் தின்னாமல் இருந்தது.

அம்மா சமையலறையில் தனியாக இருந்தாள். பிளாஸ்டரைப் பிரித்து, ஒரு புழுவை எடுத்து நீட்டினேன்.

"வாயைத் தொறங்கம்மா."

"நீ சாப்பிட்டியா?" குரல் அடிப்பானையிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"இது உங்களுக்கு. நான் தொடக்கூடாது."

"காத்தால இருந்து பஸ்ஸுல வந்திருக்க. மூஞ்சி சுண்டிப்போச்சு. நீ ஒண்ணு போட்டுக்கோ, பொறவு நான் திங்கறேன்."

"பொறவு தின்னா ஒண்ணுமே தெரியாதும்மா! நாளைக்கு ஆடி!"

"அப்பாவும் இன்னும் சாப்பிடலை, கண்ணு."

எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவாள். ஒருநாளும் அந்த வரிசை மாறியதில்லை, காய்ச்சலிலும் மாறியதில்லை. அந்த வரிசையை உண்டாக்கியது யார், அதனால் ஆதாயம் யாருக்கு, அது ஏன் ஒரு புழுவுக்கும் பொருந்த வேண்டும் என்று நான் ஆரம்பித்தேன். நன்றாகவே பேசினேன். ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா தலையாட்டினாள். நான் மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறந்திருந்தபோது, டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து என் நாக்கில் வைத்துவிட்டாள். சின்ன வயதில் பாடம் சொல்லிக்கொண்டே இருக்கும்போது ஊட்டுவாளே, அதே வேகம்.

புழு உடைந்தது. உள்ளே வெண்ணெய் போல் இருந்தது. புகையும் பாலும் கலந்து, கடைசியில் மழைக்கு முந்தைய காற்று மாதிரி ஏதோ ஒன்று. அதுவரை நான் தின்றதிலேயே மிக நல்லது அதுதான்.

"நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன். அம்மா டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு விழுங்கிவிட்டு, அரிசி களையப் போனாள்.

ஆடி ஒன்றாம் தேதி காலையில் அவள் நாக்கு மூடிக்கொண்டது. சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். அம்மா பேசி மிச்சம் வைத்த சொற்களை அப்படியே கிடக்கவிட முடியாது, பிரிக்க வேண்டும். பெரியவர் என்பதால் பெரியப்பா "வாங்க"வை எடுத்துக்கொண்டார். "சூடா இருக்கு, பார்த்து" அப்பாவுக்குப் போயிற்று. மஸ்கட்டிலிருந்து பூபதி அண்ணன், தனக்கு "பத்திரம்" போதும் என்று தகவல் அனுப்பியிருந்தார். "மெதுவா" அத்தைக்கு. "தங்கம்" தினகரனுக்கு. அம்மா தூணோரம் உட்கார்ந்து யார் யாருக்கு எது போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மிஞ்சிய ஒன்றை வெற்றிலையில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன்.

"உனக்கு ஏதாச்சும் ஆட்சேபம் இருக்கா?" என்று பெரியப்பா கேட்டார்.

எனக்கு நிறைய இருந்தது. முதல் கேள்வியிலிருந்தே தொடங்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லீங்க" என்றது என் வாயிலிருந்து அம்மாவின் குரல்.