பதினோரு அட்மின்கள்

பாறசாலைக்கு அருகே உள்ள கலாசமிதி என்ற அந்தக் கலை மன்றத்தில் உறுப்பினர்கள் முப்பது பேர், பதவிகள் பதினொன்று. ஓண விழா நோட்டீசில் யார் பெயர் யாருக்கு மேலே வரவேண்டும் என்பதைத் தவிர வேறு எந்தக் கலையையும் அது வளர்த்ததில்லை.

உருப்படியான வேலை ஒன்றை மட்டும் ஊரின் சுகாதார ஊழியரான ஆஷா பணியாளர் ஷீஜா செய்துவந்தாள். ரத்தம் கொடுக்க முன்வந்த நானூறு பேரின் தொலைபேசி எண்களை ஒன்பது வருடமாக ஒரு நோட்டில் எழுதி, தேவைப்படும்போது அவளே கூப்பிடுவாள். சமிதி அந்த நோட்டை வாங்கி, ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் அனூஜைக் கொண்டு இணையச் செயலியாக்கியது. திறப்பு விழாவோடு நோட்டு எங்கேயோ தொலைந்துபோனது.

"பெண்பிள்ளைகளுக்க நம்பரும் உண்டு. கூப்பிடது ஷீஜாக்காவாக்கும். அக்கா மட்டும் நம்பரு பாத்தா போதும்," என்றான் அனூஜ், செயலியில் எண்களை யார் பார்க்கலாம் என்று பேச்சு வந்தபோது.

தலைவர் விஜயதாஸ் சிரித்தார். "எலே மக்கா, நோட்டீசில முதல் பேரு எனக்கதாக்கும். ஆஷாக்காரி நம்பரு பாப்பா, நான் வாயப் பாத்துட்டு இருக்கணுமா?"

"அப்போ ஜாயின்ட் செக்ரட்டரி என்னத்துக்கு, பந்தக்கால் நடவா?" என்றது இன்னொரு குரல்.

முடிவில் பதவிக்காரர்கள் பதினோரு பேரும் அட்மின். பதவியில்லாத ஷீஜா பார்வையாளர். அவள் திரையில் பெயரும் ரத்த வகையும் தெரியும். எண் இருக்கவேண்டிய இடத்தில் பத்து நட்சத்திரங்கள்.

அட்மின்கள் முதலில் அனூஜின் அதிகாரத்தைப் பறித்தார்கள். பிறகு விஜயதாஸ் செயலாளரை நீக்க, செயலாளரின் மச்சினன் விஜயதாஸை நீக்கினான். இப்படியே போய், சண்டையில் கடைசியாக மிஞ்சிய துணைத்தலைவர் யாரையோ நீக்கப்போய்த் தன்னையே நீக்கிக்கொண்டார். வெட்கத்தில் வெளியே சொல்லவில்லை.

ஜூன் மாதம் ஒரு முற்பகல், நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்ந்த விலாசினிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகட்டிவ் இரண்டு யூனிட் உடனே வேண்டும். பட்டியலில் ஏழு பேர் இருந்தார்கள். ஷீஜா கண்டது எழுபது நட்சத்திரங்கள்.

பாலராமபுரத்தில் கல்யாணப் பந்தியில் இருந்த விஜயதாஸைக் கூப்பிட்டாள்.

"எனக்கும் நட்சத்திரமாக்கும் காணுது! எவம்லே எனக்க அதிகாரத்தில கை வச்சது?"

"அண்ணா, அங்க ஒரு பெண்ணு கெடந்து சாகுது."

"இத இப்பிடி விடப்பிடாது. நாளைக்கே அவசரக் கமிட்டி."

அடுத்து அனூஜ். "என்னையும் தூக்கிட்டாங்கக்கா. பொருளாளர் ஈசாக் மாமன் ஒருக்காலும் செயலிக்குள்ள கேறினதில்ல. அவருக்கிட்ட ஒருத்தருக்கும் பகையும் இல்ல. அவர ஒருத்தரும் தூக்கியிருக்க மாட்டாங்க. அங்க போங்க."

ஈசாக் ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தார். அனூஜ் சில மாதங்களுக்கு முன் கடவுச்சொல்லோடு அனுப்பிய செய்தி அவர் போனில் பிரிக்கப்படாமல் கிடந்தது. ஷீஜா அதைத் திறந்து கடவுச்சொல் போட்டாள். நட்சத்திரங்கள் எண்களாயின. குளத்தூர் ரெஜித் "இப்பம் வாறேங்க்கா" என்றான். செங்கலில் இருந்து கனகதாஸ் ஆட்டோ பிடித்தார். விலாசினி பிழைத்தாள்.

"இந்த அட்மின் குந்தத்த நீயே வச்சுக்கோ மக்கா," என்றார் ஈசாக். அன்று மாலையே அட்மின் உரிமையை ஷீஜா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள்.

அவசரக் கமிட்டிக்கு முன்பாக, அவள் சொல்லி அனூஜ் முகப்புப் பக்கத்தில் ஒன்றைச் சேர்த்தான்: நோட்டீஸ் வரிசையில் பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் தங்க எழுத்தில் 'தலைமை அட்மின்'. விஜயதாஸ் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். கமிட்டி கைதட்டிக் கலைந்தது.

ஐந்து மாதமாகிறது. எண்கள் உள்ள பக்கத்தைப் பதினோரு பேரில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.