கடைவீதியை இறுக்கிய கிளாம்பு

எங்கள் ஊர், கடைவீதியின் நடுவில் நீளவாக்கில் பிளந்து, வடக்குப் பக்கம் வாரத்துக்கு இரண்டு விரற்கடை வீதம் விலகிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பசை போட்டு ஒட்டிவிடுவது என்று பேரூராட்சி தீர்மானம் நிறைவேற்றியது. பசை அவர்களிடம் இருந்தது. காயும்வரை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்பு இல்லை. அதனால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போனார்கள்.

என்னுடையது கடையில் வாங்கியது அல்ல. நான் மரக்கிண்ணம் செய்கிறவள். எனக்கு வேண்டிய அளவில் கிளாம்பு எந்தக் கடையிலும் கிடைக்காததால் நானே செய்தேன். உடைந்துபோன கரும்புச்சாறு மிஷினிலிருந்து கழற்றிய இரண்டு நீளத் திருகுகள், இரண்டு வேலங்கட்டைகள், திருப்புவதற்கு ஒரு சைக்கிள் பெடல். நான்கடி நீளம். ஊரை ஓர் இடத்தில் பிடித்தால் போதும், மற்ற இடமெல்லாம் தானாக வந்துவிடும் என்று பேரூராட்சிப் பொறியாளர் இசக்கியப்பன் கணக்குப் போட்டிருந்தார். தெற்கே மருந்துக்கடை வாசலுக்கு ஒரு கட்டை, எதிரே வடக்கில் பாத்திரக்கடை வாசலுக்கு ஒரு கட்டை என்று, சுற்றச் சுற்றத் திருகில் சுருளும் சங்கிலி போட்டு மாட்டினார்கள்.

"ஒரே நாளுதாம்மா. நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கே கொண்டாந்து தந்துருவோம்" என்றார் இசக்கியப்பன்.

நான் கொடுத்ததற்குக் காரணம் என் தங்கை ரெஜினா. அவள் வீடு வடக்குப் பக்கம், என் வீடு தெற்கு. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பிளவைத் தாண்டித் தாண்டி என் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தாள். பிளவுக்குக் கீழே எதுவும் இல்லை. பாத்திரக்கடைக்காரர் தவறவிட்ட பித்தளைச் செம்பு விழுந்த சத்தமே இன்னும் வரவில்லை.

அன்று என் கையில் இருந்த வேலையும் அவளுக்கானதுதான். அவள் வீட்டுப் பலா மரத்தைச் சாக்கடை வெட்டுவதற்காகப் பேரூராட்சி சாய்த்திருந்தது. விழுந்த வேகத்தில் அடிமரம் இரண்டாகப் பிளந்துவிட்டது. "பிள்ளையைக் குளிப்பாட்ட அதுல ஒரு கிண்ணம் செஞ்சு குடுக்கா, வேற எதுலயும் நான் குளிப்பாட்ட மாட்டேன்" என்று ரெஜினா சொல்லிவிட்டாள். இரண்டு பாதியையும் தனித்தனியாகக் குடைந்து, நடுவில் ஒட்டி, ஒரு நாள் இறுக்கி வைக்க வேண்டும். மூன்றடி அகலக் கிண்ணம். கிளாம்பு மறுநாள் வந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தேன்.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே கத்திவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம். திருகு என்று ஒன்று கண்ணில் பட்டால் அதை ஒரு சுற்றுச் சுற்றாமல் நகர மாட்டார்கள். குழாயாக இருந்தாலும் சரி, அடுத்தவன் வண்டி நட்டாக இருந்தாலும் சரி. பால் ஊற்றுகிறவர், தபால்காரர், பள்ளிக்கூடத்து டீச்சர், மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர்கள் என்று கடைவீதியில் போன அத்தனை பேரும் என் பெடலை ஆளுக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாரும் ஊருக்கு நல்லது செய்கிற முகத்தோடு சுற்றினார்கள்.

இறுக்குவது என்றால் கழுத்தை நெரிப்பது இல்லை. பசை இரண்டு முகங்களுக்கும் நடுவில் தங்க வேண்டும். அளவுக்கு மேல் முறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். உள்ளே வறட்டு மரம் வறட்டு மரத்தோடு நிற்கும். கிளாம்பை எடுத்த அன்றைக்கே திறந்துகொள்ளும். இது கிண்ணம் செய்கிற யாருக்கும் தெரிந்த சங்கதி. நாற்பதடிக் கடைவீதி அதற்குள் ஆறு அடி ஆகியிருந்தது. மருந்துக்கடைக்காரர் எழுந்திருக்காமலே பாத்திரக்கடைக்காரருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். பேருந்து ஒருக்களித்துப் போயிற்று. ஜனங்களுக்கு இது பிடித்துப்போயிற்று. முப்பத்துநான்கு அடி சாலையை இனிமேல் பெருக்க வேண்டாம் என்று பேரூராட்சி பலகை வேறு வைத்திருந்தது.

"சார், பசையெல்லாம் வெளிய வந்தாச்சு. இனிமே இது ஒட்டாது. எங் கிளாம்பைத் தாங்க" என்றேன்.

"எடுத்தா ஊரு திறந்துக்கிடுமேம்மா" என்றார் இசக்கியப்பன்.

"நீங்க முறுக்குனதாலதான் திறக்கும்."

"அதைத்தாம்மா நானும் சொல்லுதேன். அதனால எடுக்க முடியாது."

நான் வீட்டுக்கு வந்து மற்ற வழிகளையெல்லாம் பார்த்தேன். சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டினேன். ஆட்டுக்கல்லை அண்டக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் தொபியாஸ் கிண்ணத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார். சாப்பிட எழுந்தார். அதற்குள் திறந்துகொண்டது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காய்ந்த பசையை இழைப்புளியால் சீவி எடுக்காமல் மறுபடி ஒட்ட முடியாது. சீவச் சீவக் கிண்ணம் சிறிதாகிக்கொண்டே வந்தது. மூன்றடி இரண்டே முக்காலாயிற்று. ரெஜினாவின் வயிறு பெரிதாகிக்கொண்டே போயிற்று. இரண்டையும் ஒரே நூலால் வாராவாரம் அளந்துவந்தேன். மிச்சம் வேறு பலா இல்லை. இந்தக் கிண்ணம் இன்னும் நான்கு முறை திறந்தால் அதில் குழந்தையின் காலை மட்டும்தான் கழுவலாம்.

இந்த லட்சணத்தில் இசக்கியப்பன் மறுபடி வந்தார். பிதுங்கிய பசை ரோட்டில் மேடுமேடாகக் காய்ந்து வண்டிகள் தட்டுகின்றனவாம்.

"உங்ககிட்ட ஏதோ தேய்க்கிற மிஷின் இருக்காமே" என்றார்.

இருக்கிறது. அதுவும் நான் செய்ததுதான். பழைய மிக்சி மோட்டார், அதன் முனையில் என் ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி மாட்டி, அதன்மேல் உப்புத்தாள் ஒட்டியது. செருப்பு மெத்தென்று வளைந்து கொடுப்பதால் கிண்ணத்தின் உள்வளைவில் பள்ளம் விழாமல் தேய்க்கும். அதைக் கொண்டுபோய் ரோட்டில் போட்டுத் தேய்க்க வேண்டுமாம்!

"கிளாம்பைத் தாங்க. பெறகு தேய்க்கிறதைப் பத்திப் பேசுவோம்" என்றேன்.

அவர் கோப்பைத் திறந்து, 'பயனாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார். என் கிளாம்புக்கு நான் பயனாளி!

ரெஜினாவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கியது. கிண்ணம் இரண்டரை அடிக்கு வந்திருந்தது. ரெஜினா ஒருக்களித்து நின்ற பேருந்தின் ஓரமாக மூச்சு வாங்க நடந்து வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளாம்பை எடுத்தால் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்பதையும் சொன்னேன்.

"நாலு மாசமா ஒட்டாத ஊரு இனிமேலா ஒட்டப் போவுது? நீ கிண்ணத்தை ஒட்டுக்கா" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைவீதிக்குப் போனேன். எல்லாரும் பார்க்க, பெடலை இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒதுங்கி நின்றேன். எனக்குப் பின்னால் வந்த பால்காரர் அதே பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினார். அடுத்து டீச்சர். எந்தப் பக்கம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. முன்னே போனவர் எப்படிச் சுற்றினாரோ அப்படியே சுற்றினார்கள், ஊருக்கு நல்லது செய்கிற அதே முகத்தோடு. பதினொன்றரைக்குக் கிளாம்பு தொம்மென்று விழுந்தது. தொபியாஸின் சைக்கிளில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

வறட்டு ஒட்டுதான் என்பதால் ஊர் உடனே திறந்துகொண்டது. இப்போது வாரத்துக்கு இரண்டு விரற்கடை இல்லை, நாளுக்கு அரையடி.

முதல் நாள் கிண்ணத்தை ஒட்டி, பசை ஒரு நூலிழை எட்டிப் பார்க்கிற அளவுக்கு மட்டும் இறுக்கினேன். வாசற்கதவைப் பூட்டி வைத்தேன், யாராவது வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிடக் கூடாதே என்று. இரண்டாம் நாள் கிளாம்பைக் கழற்றினேன். கிண்ணம் திறக்கவில்லை. அன்று மத்தியானம் ரெஜினாவுக்குப் பெண் குழந்தை என்று பாத்திரக்கடைக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து கத்திச் சொன்னார். கிண்ணம் இல்லாமல் போய்ப் பார்ப்பதில்லை என்று நான் மிக்சி மோட்டாரைப் போட்டேன். முரட்டுத் தாளில் ஒரு நாள், நடுத்தரத்தில் ஒரு நாள், நைஸ் தாளில் ஒரு நாள். அழுதுகொண்டேதான் தேய்த்தேன். மரத்தூள் கண்ணில் விழுந்தது என்று தொபியாஸிடம் சொன்னேன்.

ஐந்தாம் நாள் மாலை நானும் அவரும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பிளவின் ஓரத்துக்குப் போனோம். எதிர் ஓரத்தில் ரெஜினா குழந்தையோடு நின்றாள். பிளவு இரண்டரை அடி ஆகியிருந்தது. தூக்கிக் கொடுக்கலாம் என்று நீட்டினோம். பாத்திரக்கடைக்காரர் அந்தப் பக்க விளிம்பைப் பிடிக்கக் குனிந்தார். கிண்ணத்தின் ஒரு விளிம்பு தெற்கிலும் மறு விளிம்பு வடக்கிலும் உட்கார்ந்தது. விலகிக்கொண்டிருந்த வடக்குப் பக்கம் அதோடு நகராமல் நின்றுவிட்டது.

மறுநாளே ஜனங்கள் கிண்ணத்துக்குள் இறங்கி ஏறித் தாண்டத் தொடங்கினார்கள். இசக்கியப்பன் ஓர் ஆணையோடு வந்தார். கிண்ணம் பாலமாகக் கையகப்படுத்தப்படுகிறதாம். நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா முந்திக்கொண்டாள்.

"இது குளிக்கிற கிண்ணம் சார். இதுல கால வச்சா யாரா இருந்தாலும் குளிச்சிட்டுத்தான் அந்தப் பக்கம் போவணும். பிள்ளைக்கு முதல்ல."

அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. காலை எட்டு மணிக்கு நான் கிண்ணத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, முதலில் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவேன். அது முடியும்வரை இரண்டு பக்கமும் ஊர் நின்று காத்திருக்கும். அதன்பிறகு வரிசைப்படி மற்றவர்கள். இன்று ஏழாவதாக இசக்கியப்பன் வந்தார். குப்புறப் போட்டு முதுகு தேய்த்து, காதுக்குப் பின்னால் அழுக்கெடுத்து, மூக்கை நீவிவிட்டேன். ரெஜினா சாம்பிராணி காட்டிக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தாள். வடக்குப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தோம். சாயங்காலம்வரை நன்றாகத் தூங்கினார்.